ஒரே பெயரில் இரண்டு ஜெரார்

"1778-இல் பிரான்ஸ்–அமெரிக்கா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஜெரார், பிறகு பிலடெல்பியாவில் பிரெஞ்சுத் தூதர், 1782-இல் லண்டனில் ரகசியப் பேச்சு, இவ்வளவும் ஒரே ஆளா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. உங்கள் காலவரிசையில் அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள்.

அண்ணன் கான்ராட் அலெக்சாந்தர் ஜெரார். 1729-இல் அல்சாஸில் பிறந்தவர். பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் வெர்ஜெனுடைய அலுவலகத்தில் தலைமைச் செயலர். 1778 பிப்ரவரி 6-ஆம் தேதி உடன்படிக்கையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் பிராங்க்ளின், சைலஸ் டீன், ஆர்தர் லீ மூவருக்கும் எதிர்த்தரப்பில் உள்ள ‘சி. ஏ. ஜெரார்’ இவர்தான். அந்த முன்னெழுத்துகளைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தெஸ்தேங்கின் கப்பற்படையோடு அமெரிக்கா போய், ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்கக் காங்கிரஸின் முறையான வரவேற்பைப் பெற்றார். 1779-இல் அந்தத் தூதர் பதவிக்கு லா லுசெர்ன் வந்துவிட்டார். ஆக, அதற்குப் பிந்தைய பிலடெல்பியா ஆவணம் எதையும் ஜெரார் கணக்கில் எழுதாதீர்கள். 1790-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இறந்தார்.

1782 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் ஷெல்பர்ன் பிரபுவைப் பார்க்க இங்கிலாந்து போனது தம்பி, ஜோசப் மத்தியாஸ் ஜெரார் த ரெய்னவால் (1736–1812). அந்தப் பயணம் தெரிந்ததும், அமெரிக்காவுக்காகச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த ஜான் ஜே சந்தேகப்பட்டுத் தன் சார்பில் ஒருவரை ஷெல்பர்னிடம் அனுப்பினார். உங்கள் கட்டுரையில் விரிக்க வேண்டிய இடம் அதுதான். 1786-இல் பிரிட்டனின் பிரதிநிதி வில்லியம் ஈடனோடு வணிக உடன்படிக்கை பேசியதும் இதே ரெய்னவால்.

பழைய நூல்களின் பெயரடைவில் வெறும் ‘ஜெரார்’ என்றிருந்தால் நம்பிவிடாதீர்கள். ஆண்டையும் ஊரையும் பார்த்துப் பிரியுங்கள்.