ஜெர்மனியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்: எந்தப் பிரிவு எடுக்கலாம்?

தம்பி, சிப் டிசைன், எம்பெடட் (கார் போன்ற கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்), நெட்வொர்க், ஏஐ என்று பிரிகிற கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில், இங்கே முதுகலை படிக்க வரும் நீ எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். கேரளத்தில் இருக்கும் நம்ம கொழிஞ்சாம்பாறையிலிருந்து இந்தத் துறைக்கு ஒரு பிள்ளை வருவதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

என்னைக் கேட்டால் வெரிஃபிகேஷன் எடு. சிப்பின் டிசைனை ஃபேபுக்கு, அதாவது சிப் தயாரிக்கும் ஆலைக்கு, அனுப்பும் முன்பே, நினைத்தபடி வேலை செய்கிறதா என்று சோதிக்கும் வேலை அது. நானும் அதில்தான் இருக்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் டிசைன் என்றுதான் ஓடுகிறார்கள். ஆனால் பெரிய சிப் ஒன்றில் டிசைன் செய்பவர்களைவிடச் சோதிப்பவர்கள் அதிகமாக இருப்பது சாதாரணம். காரணம் இருக்கிறது. சாஃப்ட்வேரில் பிழை வந்தால் அப்டேட் அனுப்பிச் சரிசெய்துவிடலாம். சிலிக்கனில் பதிந்த பிழை பெரும்பாலும் பதிந்ததுதான். 1994-இல் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளுக்குத் தப்பான விடை தந்தது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டதுதான் காரணம். அதற்கு இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. சர்க்யூட்டும் புரிந்து, நன்றாகப் ப்ரோகிராமும் எழுதுகிறவர்களுக்கு இங்கே எப்போதும் மதிப்பு உண்டு. இந்த வேலைக்கான மொழியான சிஸ்டம்வெரிலாக், அதில் சோதனைகளை அமைக்கும் முறையான யூவிஎம் இரண்டையும் இப்போதே தொடங்கிவிடு.

டிரெஸ்டனில் தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சியின் கூட்டணி 2024-இல் ஃபேப் கட்ட ஆரம்பித்ததைப் பார்த்து அங்கேதான் போக வேண்டும் என்று நினைக்காதே. ஃபேபுக்குள் முக்கியமாக வேண்டியது ப்ராசஸ் (சிப் தயாரிப்பு முறை), மெட்டீரியல்ஸ் படித்தவர்கள். டிசைன், வெரிஃபிகேஷன் வேலைக்கு மியூனிக் பக்கம் பார். ஜெர்மன் சிப் கம்பெனி இன்ஃபினியானின் தலைமையகம் அங்கேதான்.

எம்பெடடும் நல்ல வழிதான். ஸ்டுட்கார்ட்டில் கார் கம்பெனிகள் இருக்கிற வரை அதற்குத் தேவை இருக்கும். சி மொழி, காருக்குள் கருவிகளை இணைக்கும் கேன் பஸ், குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் ரியல்டைம் ஓஎஸ் தெரிய வேண்டும். ஆனால் அங்கே மீட்டிங் பெரும்பாலும் ஜெர்மனில் நடக்கும், பி1 என்கிற நடுத்தர நிலை அளவுக்காவது மொழி தெரிய வேண்டும். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ் என்று வளர்ந்த உனக்கு இன்னொரு மொழி வந்துவிடும், பயப்படாதே.

ஏஐ-யை மட்டும் நம்பி வராதே; அதை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்.

அப்புறம், படிக்கும்போதே வெர்க்ஸ்டுடன்ட் வேலை, அதாவது மாணவர்களுக்கான பகுதிநேர வேலை, தேடு. செமஸ்டர் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் விசா தருவார்கள். உன் பாடப்பட்டியல் வந்ததும் அனுப்பு, சேர்ந்து பார்த்துத் தேர்வு செய்யலாம்.