பைக் டயர்: கடைக்காரர் சொல்வதும் டயரில் எழுதியிருப்பதும்

கேள்வி: சேந்தமங்கலத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் கொல்லிமலைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 150 சிசி பைக். பின் டயர் மொட்டையாகிவிட்டது. பழைய டயரில் 100/90-17 என்று இருக்கிறது. கடைக்காரர் 120/80-17 போட்டால் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்கிறார். நண்பர்களோ மலைக்குப் பெரிய பட்டன் (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) உள்ள டயர்தான் சரி என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். 100/90-17 அளவிலேயே, தார்ச்சாலைக்கான நல்ல டயர் ஒன்று போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த எண்ணில் 100 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது உயரம். அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைக்காரர் காட்டும் டயரின் அகலம் 120. உயரம் அதில் 80 சதவீதம், 96 மில்லிமீட்டர். ஆகவே சங்கிலிப் பக்கமும் மறுபக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக நெருங்கும், மட்கார்டை நோக்கி ஆறு மில்லிமீட்டர் எழும்பும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு குழியில் இறங்கும்போது அது எங்காவது உரசலாம்.

அதைவிட முக்கியமானது ரிம். உங்கள் ரிம் 100 அகல டயருக்காகச் செய்தது. அதில் அகலமான டயரை ஏற்றினால் இரு விளிம்புகளும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பி நிற்கும். தரையில் அதிக ரப்பர் படும் என்று பணம் கொடுப்பீர்கள். நேராகப் போகும்போது படுவது குறைந்துவிடும். வளைவில் வண்டியைத் திருப்புவதும் கனக்கும். கொண்டை ஊசி வளைவில் அது சுகமான அனுபவம் இல்லை.

அளவுக்குப் பக்கத்தில் 55பி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 55 என்றால் அந்த டயர் 218 கிலோ தாங்கும். பி என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வரை ஓடலாம். புது டயரில் இவை பழையதைவிடக் குறையக் கூடாது.

இப்போது பெரிய பட்டன். காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாமே தார். பெரிய பட்டன்கள் மண்ணையும் சேற்றையும் கவ்விப் பிடிப்பதற்காக உள்ளவை. தாரில் அந்தப் பட்டன்களின் தலை மட்டும்தான் படும். வண்டியைச் சாய்க்கும்போது ஒவ்வொரு பட்டனும் லேசாக வளைந்து கொடுக்கும். அந்த நெளிவு உங்கள் கைக்குத் தெரியும். இரைச்சலும் உண்டு, தேய்மானமும் அதிகம். மேலே போன பிறகு தினமும் சில கிலோமீட்டர் சேற்றுப் பாதையில் ஓட்டுகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் பொதுவான, பட்டன் இடைவெளி மிதமான டயரைப் பார்க்கலாம். வருடத்தில் இரண்டு முறை சேற்றில் இறங்குவதற்காக மற்ற நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். முன் டயர் எப்படி இருக்கிறது? மலை இறங்கும்போது எடை முழுக்க முன்னால் சாய்கிறது. பிரேக்கின் பெரும்பங்கு வேலையை முன் சக்கரம்தான் செய்கிறது. ஆனால் பின் டயர் சீக்கிரம் தேய்வதால் நாம் அதையே மாற்றிக்கொண்டு, முன் டயரைப் பல வருடம் மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது, தூறல் விட்ட நேரம், மெதுவாகத் திரும்பிய ஒரு வளைவில் முன் சக்கரம் நழுவி விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. ஓரமாக உட்கார்ந்து அந்த டயரைப் பார்த்தேன். பட்டன் ஆழம் நன்றாகவே இருந்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. பிளாஸ்டிக் போல இறுகிக் கிடந்தது. பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள். டயருக்கு வயது ஏழு. பட்டன் இருக்கிறதே என்று அத்தனை நாள் நம்பியிருந்தேன்.

உங்கள் முன் டயரையும் இன்றே நகத்தால் அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் பின் டயருக்கு முன்பாக அதை மாற்றுங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும் என்பதால், முதல் 150 கிலோமீட்டராவது வண்டியை அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள். மாட்டிய மறுநாளே மலையேற வேண்டாம்.

கேள்வி: தூத்துக்குடியில் ஒரு கடையில் புது டயர் என்று முழு விலை கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது நான்கு ஆண்டுகளுக்கு முன் தயாரித்தது என்று மெக்கானிக் சொல்கிறார். கடைக்காரர் "ஓடாத டயர்தானே, புதுசுதான்" என்கிறார். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம், கேட்கவும் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரானது. உங்கள் மெக்கானிக் அதைத்தான் படித்திருக்கிறார்.

நிழலில் முறையாக வைத்திருந்த டயர் நான்கு ஆண்டில் கெட்டேவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகும். அதன் ஆயுளில் ஒரு பகுதி கடை அலமாரியிலேயே கழிந்துவிட்டதை உங்களிடம் மறைத்து முழு விலை வாங்கியது தவறு. முதலில் பில்லையும் அந்த இலக்கங்களின் படத்தையும் வைத்துக்கொண்டு, டயரை மாற்றித் தரும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

பில் வாங்காமல் இருந்தால் இத்தனையும் வீண். சில நூறு ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். தயாரிப்புக் குறைக்கான உத்தரவாதமும் அதோடு போய்விடுகிறது. இனி வாங்கும்போது, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கங்களையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். ஏற்றிய பிறகு வாதாடுவது கடினம்.

கேள்வி: தேனியில் இருக்கிறேன். என் பைக் ஸ்போக்ஸ் கம்பி வீல். டியூப்லெஸ் டயர் போட்டால் பஞ்சர் தொல்லை தீருமா?

பதில்: தீராது. சாதாரணக் கம்பி வீலில், கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் துளைகள் வழியாகக் காற்று வெளியேறும் என்பதால் உள்ளே டியூப் வைத்தே ஆக வேண்டும். டியூப் இருந்தால் ஆணி குத்தியதும் காற்று சட்டென்று இறங்கத்தான் செய்யும்.

கேள்வி: தஞ்சாவூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டு விடுகிறேன். டியூப்லெஸ் டயர். ஒரே டயரில் மூன்று முறை பஞ்சர் போட்டாயிற்று. இப்போது நான்கு நாளுக்கு ஒரு தடவை காற்று குறைகிறது. டயருக்குள் ஊற்றும் திரவம் ஊற்றலாமா?

பதில்: ஊற்றுவதற்கு முன் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். சோப்புத் தண்ணீரைப் பட்டனிலும், வால்வைச் சுற்றியும், ரிம்மின் விளிம்பிலும் தடவச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. பல நேரம் அது பஞ்சர் போட்ட இடமாக இருக்காது. குழியில் இறங்கி நெளிந்த ரிம்மாகவோ, வெடித்த வால்வு ரப்பராகவோ இருக்கும். அதற்குத் திரவம் மருந்து ஆகாது.

வெளியிலிருந்து குத்திச் செருகும் ரப்பர் திரி வீடு வந்து சேர்வதற்கான ஏற்பாடு. அது தொடர்ந்து கசிந்தால் டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து ஒட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டவே கூடாது, டயரை மாற்ற வேண்டும். பின்னால் பிள்ளைகள் உட்கார்கிறார்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: சென்னையில் உணவு விநியோகம் செய்கிறேன். மழை நாளில் சாலைப் பணிக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகளில் வழுக்குகிறது. எந்த டயர் வாங்கினால் வழுக்காது?

பதில்: நனைந்த இரும்பில் எந்த டயரும் பிடிக்காது. வெள்ளைக் கோட்டுப் பெயின்ட்டும் அப்படியே. தகட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள்.

டயரைப் பொறுத்தவரை, பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும், பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்து அவற்றைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. இரு சக்கர வண்டிக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர். சென்னை மழையில் நாள் முழுக்க ஓட்டும் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிடுங்கள். காற்று அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. வாரம் ஒரு நாள், காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாகும் முன்பு அந்த அளவுக்குக் காற்று பிடித்துக்கொள்ளுங்கள்.