தொடருக்கு வந்த வாசகர் கருத்துகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் களமாக வைத்து 32 அத்தியாயங்களில் ஒரு காதல் தொடரை இணையத்தில் எழுதி முடித்திருக்கிறேன். நாயகி பென்னாகரத்துப் பெண், ஓசூரில் வேலை. நாயகனுக்குப் போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பும் மாங்கூழ் ஆலையும். நிச்சயதார்த்தத்தன்று ஏதோ ஒரு சந்தேகத்தில் சபையிலேயே அவன் உறவை முறிக்கிறான். 26-ஆம் அத்தியாயத்தில் ஒகேனக்கல்லில் இருவரும் சேர்கிறார்கள். 400-க்கும் மேல் கருத்துகள் வந்தன. ‘நாயகி சீக்கிரம் மன்னித்துவிட்டாள்’, ‘11 முதல் 17 வரை ஒரே இழுவை’, ‘ஊர் விவரமெல்லாம் தப்பு’, ‘பரிசல் சீன் செம’ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கிண்டிலில் போடும் முன் எதைக் கேட்டுத் திருத்துவது?

பதில்:

கருத்து என்ன சொல்கிறது என்பதைவிட, எந்த அத்தியாயத்துக்கு அடியில் விழுந்தது என்பதை முதலில் பாருங்கள். வாசகர் குறை சொல்லும் இடமும் குறை இருக்கும் இடமும் காதல் நாவலில் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. 26-இல் வருகிற எரிச்சலுக்குக் காரணம் 9-இல் கிடக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் சொன்ன இடத்திலேயே கை வைத்தால், சரியாக இருந்த அத்தியாயமும் கெட்டுவிடும்.

திருத்தத்தை ஆரம்பிக்கும் முன் எல்லாக் கருத்துகளையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து தொடரை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். ஒரு எக்செல் தாளில் ஐந்து கட்டங்கள் போதும்: அத்தியாய எண், தேதி, கருத்து, அவர் சுட்டும் காட்சி அல்லது வரி, வேறு யாருக்காவது பதிலாகச் சொன்னாரா. ‘சூப்பர் சிஸ்’, ‘நைஸ் எபி’, ‘அடுத்த யூடி எப்போ’, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் தனித்தாளுக்குத் தள்ளிவிடுங்கள். அவற்றின் எண்ணிக்கை உதவும், வாசகம் உதவாது. 400-இல் ஒரு காட்சியையோ ஒரு பாத்திரத்தையோ பெயர் சொல்லிப் பேசுகிறவை 50, 60 தேறினாலே நல்ல அறுவடைதான்.

ஐந்தாவது கட்டம் எதற்கென்றால், கருத்துப் பகுதியில் முதலில் பேசுகிறவர்தான் மற்றவர்கள் வாயிலும் பேசுவார். ஒருவர் ‘ஹீரோயின் ஏன் இவ்ளோ அப்பாவி’ என்று போட்டுவிட்டால் அடுத்த பத்துப் பேரும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். அது பத்து வாக்கு ஆகாது, ஒன்றுதான். வெவ்வேறு நாளில், ஒருவருக்கொருவர் பதில் சொல்லாமல், மூன்று பேர் தனித்தனியாக ஒரே காட்சியைத் தொட்டிருந்தால் அங்கே உண்மையிலேயே ஏதோ இருக்கிறது. நட்சத்திரத்தில் மூன்று போட்டவர்களை நிதானமாகப் படியுங்கள். ஐந்து போட்டவர்களில் பாதி உங்கள் தோழிகள். ஒன்று போட்டவர்களில் பலர் கோபப்படுவது கதையின் மேல் அல்ல, நீங்கள் நடுவில் விட்ட இடைவெளியின் மேல்.

அதனால் ‘இழுவை’ என்ற புகாரைப் பார்க்கும்போது பதிவேற்றிய தேதியையும் பக்கத்தில் வையுங்கள். அத்தியாய வாரியாகப் படித்தவர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது பலமாக விழும். அது எல்லாத் தொடருக்கும் நடப்பது, கவலை வேண்டாம். நாலைந்து அத்தியாயம் சீராகப் போய்த் திடீரென்று 12-இல் விழுந்தால், 11-க்கும் 12-க்கும் இடையே எத்தனை நாள் விட்டீர்கள் என்று பாருங்கள். பத்து நாள் இடைவெளி இருந்தால் கதையைக் குற்றம் சொல்ல முடியாது. தேதி ஒழுங்காக இருந்தும் விழுந்திருந்தால் 11-இன் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே வாசகருக்கு எந்தக் கேள்வியும் மிச்சம் இருந்திருக்காது.

இப்போது உங்கள் நாவலுக்கே வருகிறேன்.

‘சீக்கிரம் மன்னித்துவிட்டாள்’ என்று பலர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால், உடனே நாயகனை இன்னும் ஐந்து அத்தியாயம் அழவைக்கத் தோன்றும். வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் கதற விடுங்க சிஸ்’ என்று கேட்கிற வாசகரே அடுத்த வாரம் ‘போதும்பா’ என்பார். அவன் எங்கே அவமானப்படுத்தினான், எங்கே மன்னிப்புக் கேட்டான் என்று இரண்டு காட்சியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். தட்டு மாற்றும் நேரத்தில், தாய்மாமன், பெரியப்பா, மண்டபத்துச் சமையல்காரர் வரை அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று எழுந்து போனவன், ஆற்றோரம் தனியாக ‘ஸாரி’ சொன்னால் கணக்கு நேராகாது. நாலு பேர் முன்னால் போன மானம் நாலு பேர் முன்னால்தான் திரும்ப வேண்டும். வாசகருக்கு உறுத்துவது இதுதான். அதை அவர்கள் ‘சீக்கிரம்’ என்ற சொல்லால் சொல்கிறார்கள். ஒகேனக்கல் காட்சி இருக்கட்டும். அதற்கு முன்னாலேயே பென்னாகரத்து வீட்டுத் திண்ணையில், அன்றைக்குச் சபையில் இருந்த பெரியவர்கள் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்க, அவன் வந்து பேசும் ஒரு காட்சி, 800 சொல் போதும். மன்னிக்கிற தேதியை ஒரு நாள்கூடத் தள்ள வேண்டியதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். 9, 10-இல் அவன் ஏன் சந்தேகப்பட்டான் என்பதை முழுக்க அவள் கண் வழியாகவே சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் வாசகருக்கு அவன் மூர்க்கன் மட்டும்தான். ஆன்டி ஹீரோ பிரியர்கள் அதையும் ரசிப்பார்கள், மற்றவர்களுக்கு 26-இல் மனம் இளகாது. 9-இல் அவன் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதினாலே 26 தானாகச் சரியாகும்.

அடுத்து ஊர் விவரம். இதைச் சின்ன விஷயம் என்று பலர் ஒதுக்குவார்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லும் ஒரு தகவல், வெளியூர்க்காரர் நூறு பேர் சொன்ன ‘இழுவை’க்கு மருந்தாக அமைவதுண்டு.

கிருஷ்ணகிரி ரயில் நிலையத்தில் அவளை வழியனுப்புகிற காட்சி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. சேலம், பெங்களூரு பாதை தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று போய்விடும். வழியனுப்பும் காட்சி வேண்டுமென்றால் தர்மபுரி ஸ்டேஷனுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வையுங்கள். சென்னை, சேலம், பெங்களூரு என்று மூன்று பக்கச் சாலையும் கூடுகிற ஊர். எந்த பஸ்ஸில் ஏறினாள் என்று தெரியாமல் அவன் தவிக்கிற தவிப்பு ரயில் பிளாட்பாரத்தில் கிடைக்காது.

மாங்கூழ் ஆலைதான் முக்கியம். மா பூப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா முன்னால் வரும். ஆலைக்குப் பெருமளவு போகிற பெங்களூரா, அதாவது தோத்தாபுரி, பின்னால் வரும். ஆக ஆலை கதவைச் சாத்த நேரமில்லாமல் ஓடுவது மே கடைசியிலிருந்து ஜூலை வரை. வாசலில் லாரி, டிராக்டர் வரிசை, அழுகல் எவ்வளவு கழிப்பது என்ற வாக்குவாதம், டன்னுக்கு என்ன விலை என்று விவசாயிக்கும் ஆலைக்கும் ஆண்டுதோறும் இழுபறி. அக்டோபரில் நாயகன் ‘லோடு வந்துடுச்சு’ என்று போனை வைத்தால் மாந்தோப்புகள் நிறைந்த சந்தூர்க்காரர் சிரிப்பார். ‘ஜூன் மாசம் ஃபேக்டரியை விட்டுட்டு மூணு நாள் கொடைக்கானல் போற ஓனரா?’ என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கருத்துக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். உங்கள் 11 முதல் 17 வரை அவள் ‘எனக்கு நேரமே ஒதுக்கறதில்ல’ என்று பொருமுகிறாள், அவன் காரணமில்லாமல் சிடுசிடுக்கிறான், அப்படித்தானே? அந்த ஏழு அத்தியாயங்களையும் ஜூனில் நிறுத்துங்கள். அவனுக்குத் தூக்கமில்லாததற்குக் காரணம் வந்துவிடும். அவளுடைய தாய்மாமனே ஒரு டிராக்டர் பெங்களூராவோடு அவன் ஆலை வாசலில் இரண்டு நாள் காத்திருக்கட்டும். பழம் கனிந்து அடித்தட்டு நசுங்கிக்கொண்டே போகும். சம்பந்தப் பேச்சும் விலைப் பேச்சும் ஒரே கேட்டில் முட்டிக்கொள்ளும்போது ஏழு அத்தியாயம் நாலாகச் சுருங்கும், ஒருவரும் இழுவை என்று சொல்லமாட்டார்கள்.

பரிசல். ‘செம’ என்றவர்களும் சரி, ‘தப்பு’ என்றவர்களும் சரி. வெள்ளம் கரைபுரளும்போது அவர்கள் பரிசலில் போகிறார்கள் என்றால் அது நடக்காது. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து, காவிரி தமிழகத்துக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தர்மபுரி மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். ஜூலை, ஆகஸ்டில் இது வழக்கம். ரசித்தவர்களின் கருத்தில் எந்த வரி பிடித்தது என்று தேடுங்கள். தண்ணீரா, அவர்கள் இருவரும் விலக வழியில்லாமல் நெருக்கமாக உட்கார்ந்திருந்ததா? இரண்டாவதுதான் என்றால், ஆறு தணிந்த மாதத்துக்கு மாற்றி, பரிசல்காரர் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு அதே பேச்சை வைக்கலாம். முதலாவது என்றால் கரையிலேயே வையுங்கள். பரிசல்கள் கவிழ்த்துப் போட்டுக் கிடக்க, அக்கரை போக வந்தவர்கள் போகமுடியாமல் நிற்பது இன்னும் பலமான காட்சி. என் ஓட்டு இதற்கு.

பேச்சு வழக்கில் ஒன்று மட்டும். எல்லோரையும் ‘ஏனுங்க, வாங்கோ’ என்று பேசவைத்தால் அது கோயம்புத்தூர்ப் படமாகிவிடும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடையில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவளுடைய ஓசூர் வீட்டு உரிமையாளரம்மா போனில் ஒரு மொழி, அவளிடம் ஒரு மொழி என்று மாறிப் பேசினாலே ஊர் வந்துவிடும்.

‘ரெண்டு வீடும் ஒரே ஆளுங்களா?’ என்று யாராவது கேட்டிருந்தால் வம்பு என்று தள்ளாதீர்கள். 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தை ஒட்டி தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்தப் பகுதியை வைத்துக் காதல் கதை எழுதினால், படிப்பவர் இந்தக் கேள்வியோடுதான் படிப்பார். நாவல் அதைப் பற்றியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு வீடும் எப்படி ஒத்துக்கொண்டது என்று அரைப் பக்கம் இருந்தால் போதும், எதுவுமே இல்லாமல் இருப்பது நடிப்பாகத் தெரியும். அதே மாதிரி, ஃபிளாஷ்பேக்கில் 17 வயதில் மாமன் மகன் பூ வைத்துவிட்டுப் போனதை இனிப்பாக எழுதியிருந்தால், அதற்கு வந்த ஆட்சேபத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். வயதைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியையே வெட்டுங்கள்.

தொடர் வாசகர் ஒருபோதும் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் போன வாரக் கதையை நினைவூட்டியிருப்பீர்கள். வாரம் ஒன்று படிப்பவருக்கு அது உதவி. ஒரே இரவில் படிப்பவருக்கு ‘சொன்னதையே சொல்றாங்க’. அத்தியாயத்துக்கு 100 சொல் என்றாலும் முதல் அத்தியாயம் போக 31-க்கு 3,100 சொல் வீண். எல்லாவற்றையும் வெட்டுங்கள். கிண்டிலில் மாதிரியாகத் தோராயமாக முதல் 10 சதவீதம்தான் காட்டும். அத்தியாயம் 1,800 சொல் என்றால் உங்கள் முதல் மூன்று அத்தியாயங்கள். நாயகன் நாலாவதில்தான் வருகிறான் என்றால், வாங்க நினைப்பவர் அவனைப் பார்க்காமலே போய்விடுவார்.

திருத்திய பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள்: போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கம் மா விவசாயம் தெரிந்தவர் ஒருவர், தொடரை முழுக்கப் படித்தவர் ஒருவர், படிக்கவே படிக்காதவர் ஒருவர். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். ‘எந்தப் பக்கத்தில் போனைக் கீழே வச்சீங்க?’ என்று கேளுங்கள். பக்க எண் மட்டும் போதும். ஏன் என்று அவர் விளக்க ஆரம்பித்தால் உங்கள் மனம் நோகாமல் சொல்லத்தான் பார்ப்பார்.

கடைசியாக, சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட்டில் நூலைச் சேர்க்க, அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தை எடுப்பதானால் 90 நாளுக்கு மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. இலவசமாகக்கூட இருக்கக் கூடாது. கருத்துகளை நகலெடுங்கள், தளத்தில் முன்னறிவிப்புப் போடுங்கள், 32 அத்தியாயங்களையும் நீக்குங்கள், உங்கள் முகநூல், டெலிகிராம் குழுவில் யாராவது பிடிஎஃப் வைத்திருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு பதிவேற்றுங்கள். வாசகர் கருத்தை நூல் விவரத்தில் போட ஆசையிருந்தால் எழுதியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பல பெண்கள் வீட்டுக்குத் தெரியாமல் வேறு பெயரில் படிக்கிறார்கள்.