கிறிஸ்தவக் காதல்-சஸ்பென்ஸ் நாவல்களில் வரும் ஆள்கடத்தல் மீட்பு நிஜத்திலும் அப்படித்தான் நடக்குமா?

ஓரளவுதான். அமெரிக்காவில் வெளிவரும் இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் விசுவாசம் தளர்ந்த ஒரு அதிகாரி, காப்பகம் நடத்தும் நாயகி, கடைசியில் கதவை உடைத்து மீட்பு, அப்புறம் ஜெபம், கல்யாணம் என்று கதை போகும்.

கதவை உடைத்ததெல்லாம் உண்மையிலேயே நடந்ததுதான். சீனத்துச் சிறுமிகளை விலைக்கு வாங்கி விபசார விடுதிகளில் அடைத்த சான்பிரான்சிஸ்கோவில், 1895-ல் அப்படிப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் தந்த பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் மிஷன் இல்லத்துக்கு வேலைக்கு வந்தவர் டொனால்டினா கேமரன். போலீஸோடு போய், கோடாலியால் கதவைப் பிளந்து பெண்களை வெளியே கொண்டுவந்தார். ஆனால் சஸ்பென்ஸே அதற்குப் பிறகுதான். ‘இவள் நகையைத் திருடிவிட்டாள்’ என்று விடுதிக்காரர்கள் பொய்ப் புகார் கொடுத்து, வாரண்ட்டோடு வந்து நிற்பார்கள். 1900-ல் அப்படிக் கைதான ஒரு பெண்ணைத் தனியே விட மனமில்லாமல், கேமரனும் பாலோ ஆல்டோ சிறைக்குக் கூடவே போனார். எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படும் காட்சி இது!

இன்றைய சிக்கல் காகிதங்களில் இருக்கிறது. கடத்தப்பட்ட வெளிநாட்டவருக்கு 2000-ம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் தங்க டி விசா தருகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000. பெரியவர்கள் பொதுவாக விசாரணைக்கு ஒத்துழைக்கவும் வேண்டும். ஊரில் இருக்கும் தன் குடும்பத்தைக் கடத்தியவன் என்ன செய்வானோ என்று நடுங்குகிறவளுக்கு இது லேசான காரியமா?

மீட்டவனே மீட்கப்பட்டவளை உடனே காதலிக்கும் கதைகள் எனக்கு உறுத்தல்தான். நன்றிக்கடனில் இருப்பவளால் ‘வேண்டாம்’ என்று எளிதில் சொல்ல முடியாது. மீட்கப் போகும் இருவருக்கிடையே காதலை வைத்து, மீட்கப்பட்டவளுக்கு அவகாசம் தரும் நாவலாகப் பார்த்து எடுங்கள்.