மாங்காய்க் கூடை மேல் உட்கார்ந்து வருபவருக்குக் காப்பீடு உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொப்பூர் கணவாயிலிருந்து ஓசூர் எல்லை வரை நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. சர்வேயர் என்பார்கள். வண்டியைப் பார்க்கப் போன இடத்தில் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு பற்றியும் கேட்பார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்தக் கேள்வி-பதில். இந்த முறை மாம்பழப் பருவத்தை முன்னிட்டு வந்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாங்காய் வியாபாரி: என்னிடம் சரக்கு மினி லாரி ஒன்று இருக்கிறது. முழுக் காப்பீடு தவறாமல் கட்டுகிறேன். பருவத்தில் காய் பறிக்கும் ஆட்களைக் காலையில் அதிலேயே தோப்புக்கு அழைத்துப் போவேன். மாலையில் கூடைகளின் மேல் உட்கார்ந்து திரும்புவார்கள். விபத்து நடந்தால் பாலிசி காப்பாற்றும் அல்லவா?

காப்பாற்றாது என்று நினைத்துக்கொண்டே சாவியைத் திருகுங்கள். "முழுக் காப்பீடு" என்ற பெயர்தான் உங்களை ஏமாற்றுகிறது. சரக்கு வண்டியின் பாலிசி, வண்டியை ஆர்.சி.யில் எழுதியிருக்கிறபடி சரக்கு ஏற்றத்தான் ஓட்டுகிறீர்கள் என்று நம்பிக் கொடுக்கப்பட்டது. அதில் ஏறிய பயணிக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 1994-இல் வந்த திருத்தத்தால் சரக்கின் சொந்தக்காரர், அல்லது அவர் சார்பில் சரக்கோடு வருபவருக்கு மட்டும் சட்டம் இடம் தருகிறது. தோப்புக்காரர் தன் காயோடு மண்டிக்கு வந்தால் அவர் இதில் அடங்குவார். பறிக்க வந்த 18 பேரும், அவர்களில் ஒருத்தியின் இடுப்பிலிருக்கும் குழந்தையும் அடங்க மாட்டார்கள்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும். இறந்தவரின் வயது, கூலி, அவரை நம்பியிருப்பவர்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு முடிவாகும். ஒரு குடும்பத்துக்கே பல லட்சம் வரும். நிறுவனம் "எங்கள் பொறுப்பல்ல" என்று வாதாடும். சில வழக்குகளில் நீதிமன்றம் ஏழைக் குடும்பத்தைக் கருதி, நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும். அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைத்துவிடும். அந்தக் கடன் உங்கள் வீட்டையும் தோப்பையும் தேடி வரும். இப்படி வீட்டை விற்றவர் ஒருவரை நான் அறிவேன். பிரீமியத்தை ஒரு நாள்கூடத் தவறவிடாத மனிதர் அவர்.

வண்டியோடு வந்து ஏற்றி இறக்கும் உங்கள் வேலையாட்களின் கதை வேறு. ஆர்.சி. அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் அவர்களுக்கான பொறுப்பைப் பாலிசியில் சேர்க்கலாம். கூடுதல் பிரீமியம் பெரிய தொகை அல்ல. பறிப்பவர்களுக்குப் பயணிகள் வேன் ஒன்றை வாடகைக்குப் பேசுங்கள். வாடகை கட்டுப்படியாகாது என்பீர்கள். பருவம் முழுவதற்கும் சேர்த்த வாடகையை ஒரு உயிருக்கான இழப்பீட்டோடு வைத்துப் பாருங்கள். ஆட்களுக்குக் குழு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். ஆனால் அது அவர்களுக்குக் கிடைக்கும் தொகை. உங்கள் தலையில் விழும் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது.

ஓட்டுநரின் உரிமத்தையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வகையில் ஒரு தலைவலி குறைந்தது. காலாவதியான உரிமத்துக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலை ஊழியர்: சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. நின்றுவிட்டது. கம்பெனி 3 லட்சத்துக்குக் குழுக் காப்பீடு கொடுத்திருக்கிறது. பெற்றோர் கிருஷ்ணகிரியில் இருக்கிறார்கள். தனியாக ஒரு பாலிசி தேவையா?

தேவை. கம்பெனிக் காப்பீடு கம்பெனியின் வாசல் வரைதான் வரும். வேலை மாறும் இடைவெளியில், ஆட்குறைப்பில், ஓய்வுக்குப் பிறகு என்று, எப்போது அதிகம் வேண்டுமோ அப்போது அது இருக்காது. வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வழி உண்டு. வேலை போன பதற்றத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. வயது குறைவாக, நோய் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியிராத இப்போதே உங்களுக்கும் மனைவி குழந்தைகளுக்கும் ஒரு குடும்ப பாலிசி எடுத்துவிடுங்கள். பெற்றோரை அதில் சேர்க்காதீர்கள். வீட்டிலேயே மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஓசூரில் நெஞ்சு வலித்தால் வண்டி பெங்களூரு நோக்கித்தான் திரும்பும். ஆனால் பாலிசியில் கிருஷ்ணகிரி முகவரி இருக்கும். சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் வைக்கின்றன. சிறு நகரத்துக்கான குறைந்த பிரீமியத்தைக் கட்டிவிட்டுப் பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை நீங்களே கொடுக்க வேண்டும் என்று உள்ளே எழுதியிருப்பார்கள். எடுக்கும்போதே "என் வைத்தியம் பெங்களூருவில் நடக்கும், அப்போது பிடித்தம் உண்டா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் கட்டினால் அந்த நிபந்தனையை நீக்கித் தரும் பாலிசிகளும் இருக்கின்றன.

அறை வாடகை உச்சவரம்பு இல்லாத பாலிசியாகவும் பாருங்கள். வரம்பு 5,000 ரூபாயாக இருந்து 10,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டும் பாதி போகாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருந்துக்கும் உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது. டிஸ்சார்ஜ் நாளில் பில் கவுண்டரில் நின்றுகொண்டு இதைத் தெரிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

ஊத்தங்கரை வாசகர்: 2024 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பல வண்டிகள் மூழ்கின. சிலருக்குப் பணம் வந்தது, சிலருக்கு வரவில்லை. ஏன்?

ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வந்த நீர் சாலையோரம் நின்ற வண்டிகளைப் பொம்மை போல உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் வந்திருக்காது. அது அடுத்தவருக்கான காப்பீடு. சொந்த வண்டியின் சேதத்தை அது பார்க்காது.

முழுக் காப்பீடு வைத்திருந்தும் பணம் குறைந்தவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றுதான். நீர் வடிந்ததும் ஆசையோடு சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்கிப் பார்த்தார்கள். உள்ளே புகுந்த நீரோடு பிஸ்டன் மோதி, ராடு வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு; சாவி செய்த சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் மட்டுமே உண்டு. ஏரிக்கரையோரம் குடியிருப்பவர்கள் அதை எடுப்பது நல்லது. மூழ்கிய வண்டியை நகர்த்தாமல் படம் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துப் போட்டுப் பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாக எடுத்துக்கொண்டு, அந்த மதிப்பைத்தான் கொடுப்பார்கள். நீங்களே குறைத்த தொகை உங்களுக்கே திரும்பி வரும்.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி வியாபாரி, வயது 34: இரண்டு குழந்தைகள், வியாபாரக் கடன் 12 லட்சம். மாமா ஒருவர் ஏஜெண்ட். ஆண்டுக்கு 50,000 கட்டினால் 20 ஆண்டில் போனஸோடு திரும்பும் பாலிசியை எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

மாமாவின் முகத்துக்காக என்றால், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுங்கள், செலவு குறைவு. அந்தப் பாலிசியில் ஆயுள் பாதுகாப்பு 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் கடனுக்கே அது போதாது. நாளை நீங்கள் இல்லையென்றால் குழந்தைகளுக்கு மிஞ்சுவது என்ன? உங்களுக்குத் தேவை, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி. ஆண்டு வருமானத்தைப் போல 10 முதல் 15 மடங்கு, அதற்கு மேல் கடன் தொகை என்று கணக்கிடுங்கள். 1 கோடி என்றாலும் புகைப்பழக்கம் இல்லாத உங்கள் வயதுக்காரருக்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. உயிரோடு இருந்தால் பணம் திரும்பாதே என்பீர்கள். தக்காளி லாரிக்குக் கட்டிய பிரீமியம், லாரி கவிழவில்லை என்பதற்காகத் திரும்பி வருகிறதா?

இரண்டு நடைமுறை விஷயங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாத வியாபாரிக்குப் பெரிய தொகைக்கான டேர்ம் பாலிசி எளிதில் கிடைக்காது. ஆடிட்டரைப் பார்த்துக் கணக்கை ஒழுங்குபடுத்துங்கள். இன்னொன்று, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுக்க முடியும். விண்ணப்பிக்கும்போதே அதற்கான படிவத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் அந்தத் தொகை மனைவிக்கும் குழந்தைகளுக்குமான அறக்கட்டளைச் சொத்து போல ஆகிவிடும். கடன்காரர்கள் கை வைக்க முடியாது. மண்டிக் கடனோடு வாழ்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஏஜெண்டுகள் இதை வாய் திறந்து சொல்வதே இல்லை.

அரூர் வாசகி: அம்மாவுக்கு 62 வயது, ஆறு ஆண்டாகச் சர்க்கரை. எழுதினால் பிரீமியம் ஏறும், எழுத வேண்டாம் என்கிறார் விற்பவர். என்ன செய்ய?

எழுதுங்கள் அம்மா. விற்பவர் அன்றைக்குக் கமிஷனோடு போய்விடுவார். மருத்துவமனையில் சேர்ந்த அன்று முதல் குறிப்பிலேயே "ஆறு ஆண்டாகச் சர்க்கரை" என்று டாக்டர் எழுதுவார். அந்த ஒரு வரி போதும், கோரிக்கையை மறுத்துவிடுவார்கள், பாலிசியையும் ரத்து செய்வார்கள். உண்மையைச் சொன்னால் நட்டம் என்ன? முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024 ஏப்ரலிலிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. 65 வயதைத் தாண்டினால் பாலிசி கிடையாது என்ற பழைய கெடுபிடியும் எடுக்கப்பட்டுவிட்டது. பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்ப நகலில் சர்க்கரை எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மொரப்பூர்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது போதாதா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் நல்ல திட்டம். பிரீமியம் கட்ட முடியாத நிலையில் இருந்தால் அதுவே போதும், கடன் வாங்கித் தனியார் பாலிசி எடுக்காதீர்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனையில் மட்டும்தான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு அருகில் எவை இணைந்திருக்கின்றன என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். சாலை விபத்தென்றால், முதல் 48 மணி நேரத்துக்கு அட்டை இல்லாதவருக்கும் உதவும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் தனியாக இருக்கிறது.

பென்னாகரம்: வங்கிக் கணக்கில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். எதற்கு?

முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு. இரண்டிலும் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும், எனவே மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கட்டும். இரண்டு வங்கிகளில் பிடித்தாலும் ஒரே 2 லட்சம்தான், ஒன்றை நிறுத்திவிடுங்கள். புளி உலுக்க மரமேறி விழுந்தாலும், பாம்பு கடித்தாலும் 20 ரூபாய்க் காப்பீடு செல்லும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போன பதிவு வேண்டும். மந்திரிப்பவரிடம் போய்விட்டு மறுநாள் வந்தால் உயிரும் போகும், பணமும் வராது.

தர்மபுரி: ஆறு மாதம் முன்பு பழைய கார் வாங்கினேன். பாலிசி இன்னும் விற்றவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடியும்போது மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. 14 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் யார் மீதாவது மோதினால் மூன்றாம் நபர் பகுதி உங்களோடு வந்துவிடும். காருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் யாருக்கும் பணம் வராது. விற்றவருக்குக் கார் சொந்தமில்லை, உங்களுக்குப் பாலிசி சொந்தமில்லை. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக அவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அவருக்கே உரியது, அதற்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். ஆர்.சி.யும் பெயர் மாறவில்லையென்றால் விற்றவரிடம் இதைக் காட்டுங்கள். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பதுதான் உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உங்களைவிட முன்னால் அவர் போய் நிற்பார்.

காரிமங்கலம்: காப்பீடு செய்த கறவை மாடு இறந்தது. காது வில்லை எங்கோ விழுந்துவிட்டது. கிடைக்குமா?

வில்லை இல்லாமல் கிடைப்பது அரிது. அடுத்த மாட்டுக்கு வில்லை விழுந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் புது வில்லை போட்டு, எண் மாறியதை நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள்.