விலையில்லாத் தூரம்

வணக்கம் சார்,

சின்ன வயதிலிருந்தே நான் அறிவியல் புனைகதைப் பைத்தியம். படம், வீடியோ கேம் இரண்டையும் விடுவதில்லை. ஆனால் சில வருடங்களாக ஏமாற்றம்தான் மிச்சம். ‘கிராவிட்டி’ படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு முதுகில் மாட்டிய ஜெட்பேக்கை வைத்தே போய்விடுகிறார்கள். ‘இன்டர்ஸ்டெல்லர்’ நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே காலத்தையும் வெளியையும் தாண்டும் அன்பு என்று வசனம் பேச ஆரம்பிக்கிறார்கள். கேம் பக்கம் வந்தால் ‘ஸ்டார்ஃபீல்ட்’. ஆயிரம் கிரகம் என்றார்கள், இறங்கிப் பார்த்தால் பொட்டல். 1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் இருந்த அறிவியல் நேர்மை இன்று யாரிடமும் இல்லை. கிராஃபிக்ஸ் வளர்ந்திருக்கிறது, மூளை வளரவில்லை. நான் சொல்வது தவறா?

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. அவனுக்கும் இந்தப் பைத்தியம் தொற்றியிருக்கிறது. அவனுக்கு எதைக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கோபம் நியாயம்தான். ஆனால் அதைத் தவறான இடத்தில் கொட்டுகிறீர்கள். அறிவியல் பிழையை வைத்துப் படங்களை எடை போட்டால் ஒன்றுகூடத் தேறாது. நீங்கள் கும்பிடும் 2001இல் எடையற்ற நிலையில் ஸ்ட்ராவில் உறிஞ்சிய உணவு, வாயை எடுத்ததும் கீழே இறங்கிவிடுகிறது. ஹெல்மெட் இல்லாமல் வெற்றிடத்தில் பாயும்முன் விண்வெளி வீரர் போமன் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார். உண்மையில் அப்படிச் செய்தால் நுரையீரல் கிழியும். மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் குதிக்க வேண்டும். இன்டர்ஸ்டெல்லரின் கருந்துளைக்கு ஆலோசகர் கிப் தோர்ன், 2017இல் இயற்பியல் நோபல் பெற்றவர். கருந்துளையைச் சுற்றி ஒளிரும் வளையத்தில் நம்மை நோக்கிச் சுழலும் பக்கம் அதிகமாகப் பிரகாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று தெரிந்தே விட்டுவிட்டார்கள். 2019இல் வந்த நிஜக் கருந்துளைப் படத்தில் ஒரு பக்கம் பிரகாசமாகத்தான் இருந்தது. இதனால் படம் கெட்டுப்போனதா என்ன?

‘கிராவிட்டி’ விஷயத்தில் உங்கள் பக்கமே கூடுதலாகக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். ஹப்பிள் சுமார் 500 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்வில் சுற்றுகிறது. விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரம், 51.6 பாகை சாய்வு. உயர வித்தியாசத்தைக்கூட எப்படியாவது சமாளிக்கலாம், சாய்வை மாற்றுவதுதான் கொடுமை. நொடிக்குக் குறைந்தது 3 கி.மீ. அளவுக்கு வேகத்தை மாற்றியாக வேண்டும். 1984இல் நாசா பயன்படுத்திய நிஜ ஜெட்பேக்கால் மொத்தமாக முடிந்தது நொடிக்குச் சுமார் 25 மீட்டர். நூறு மடங்குக்கு மேல் பொய்.

இருந்தும் அந்தப் படத்தை மன்னிக்கிறேன். அதன் பயம் முழுக்க ஒரே விதியிலிருந்து வருகிறது: தள்ளிவிட்டால் நிற்காது. கயிறு நழுவினால் போய்க்கொண்டே இருப்பாய். முதல் காட்சியில் சொன்ன இந்த விதியைக் கடைசிவரை படம் ஏமாற்றவில்லை. பிழை அந்த விதிக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. விண்வெளிக் கதைகளிலிருந்து தூரம் காணாமல் போய்விட்டது.

2001இல் வியாழனை நோக்கிப் போகும் டிஸ்கவரி கப்பலில் இருப்பவர்களை பிபிசி பேட்டி எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேச்சு அங்கே போய்ச் சேரவே ஏழு நிமிடம் ஆகிறது, அந்த இடைவெளியை ஒளிப்பதிவில் வெட்டிவிட்டோம் என்று பேட்டியாளர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்து, கப்பலில் இருக்கும் ஃபிராங்க் பூலுக்கு அப்பா அம்மாவிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வரும். பதிவு செய்து அனுப்பியது. அவன் படுத்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். பதில் பேச முடியாது, பேசும் ஆசையும் முகத்தில் இல்லை. நீங்கள் சொல்லும் ‘அறிவியல் நேர்மை’ எனக்கு அந்த ஏழு நிமிடத்தில்தான் தெரிகிறது. அந்தக் கப்பலை நடத்தும் கணினி ஹால் 9000 வேறு மாதிரி நடக்க ஆரம்பித்ததும் நமக்குக் குலை நடுங்குவது ஏன்? உதவி கேட்டால் வர யாருமில்லை என்பதை முன்பே உடம்பு புரிந்துகொண்டுவிட்டது.

இப்போது 2013இல் வந்த ‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்’ஸை எடுங்கள். வில்லன் கான் பூமியிலிருந்து கிளிங்கன்கள் என்ற வேற்றுலக இனத்தின் கிரகத்துக்கு ஒரு கருவியை அழுத்தி நேராகப் போய் இறங்கிவிடுகிறான். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம்! அப்படியென்றால் என்டர்பிரைஸ் கப்பல் எதற்கு, கேப்டன் எதற்கு, அத்தனை பேர் சீருடை போட்டுக்கொண்டு எதற்கு? இரண்டு வருடம் கழித்து ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’. ஒரு நட்சத்திர மண்டலம் அழிவதை வேறொரு மண்டலத்துக் கிரகத்தில் இருப்பவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், அப்போதே, பகல் வெளிச்சத்தில். இரண்டையும் இயக்கியவர் ஜே.ஜே. ஏப்ரம்ஸ். மனிதருக்கு வேகமான காட்சி கைவந்த கலை, மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் பக்கத்துத் தெருவில் நடந்தால் அது பேரண்டம் இல்லை. ஸ்டார் வார்ஸ் தேவதைக் கதைதானே, அதில் போய் இயற்பியலா என்று கேட்பீர்கள். தேவதைக் கதையிலும் ஏழு கடல் ஏழு மலை தாண்டித்தான் ஆக வேண்டும்.

இன்டர்ஸ்டெல்லரில் அன்பு பற்றிய வசனம் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அதை விடுங்கள். அந்தப் படம் ஒரு பாலைத்திணைப் பாட்டு. பொருள் தேடிப் பிரிந்து போகிறவன், காத்திருப்பவர்கள், நடுவில் கடக்க முடியாத வெளி. கருந்துளைக்குப் பக்கத்தில் காலம் மெதுவாக ஓடுவதால், அலைக் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருடம். இறங்கும் முன்பே கணக்குப் போடுகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், எப்படியெல்லாமோ மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். எஞ்சினில் தண்ணீர் புகுந்து கணக்குத் தப்புகிறது. திரும்பி வந்தால் கப்பலில் காத்திருந்தவனுக்குத் தாடி நரைத்திருக்கிறது, 23 வருடம் ஓடிவிட்டது. கதாநாயகன் கூப்பர் உட்கார்ந்து பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை வரிசையாகப் பார்க்கிறான். மகன் வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தையைப் பறிகொடுத்து, கடைசியில் அப்பா வரமாட்டார் என்று ஓய்ந்துபோகிறான். தலைவன் போன நாட்களைச் சுவரில் கோடு போட்டு எண்ணுகிற தலைவியை நம் ஆட்கள் ஈராயிரம் வருடமாகப் பாடுகிறார்கள். இங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் அதே வேலையைச் செய்கிறது. (பூமியிலிருந்து கிளம்ப அடுக்கு ராக்கெட் தேவைப்பட்ட அதே சிறு விண்கலம், பூமியைவிட ஈர்ப்பு அதிகமான அந்தக் கிரகத்திலிருந்து தன்னந்தனியாக எழும்பி வருவது எப்படி என்று கேட்காதீர்கள். கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.)

சரி, கேமுக்கு வருவோம். ஸ்டார்ஃபீல்ட் பொட்டலாக இருக்கிறது என்கிறீர்கள். கிரகங்கள் பொட்டலாக இருப்பதுதானே இயல்பு! நிலவுக்குப் போனவர்கள் அங்கே ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்ளவில்லையே என்று கேமைச் செய்த நிறுவனத் தரப்பிலேயே சொன்னார்கள். அந்த வாதம் பாதி வழிவரை சரி. அப்போலோ 11 ஜூலை 16இல் கிளம்பி 20இல் இறங்கியது. சுமார் 3,84,000 கி.மீ., நான்கு நாள், திரும்புவோமா என்ற நிச்சயமில்லை. அப்படிப் போனால் வெறும் சாம்பல் நிறத் தூசியும் தரிசனம். ஸ்டார்ஃபீல்டில் மெனுவைத் திறந்து கிரகத்தை அமுக்கினால் லோடிங் ஸ்கிரீன், இறங்கியாயிற்று. லிஃப்டில் மாடி மாறுவதுபோல. ஆயிரமாவது மாடியிலும் பொட்டல் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எரிபொருள் தீர்ந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்ளும் விதி அந்த கேமில் முதலில் இருந்தது. விளையாட்டு நின்றுபோகிறது, சுவாரசியம் கெடுகிறது என்று அதைத் தளர்த்திவிட்டதாக இயக்குநர் டாட் ஹோவார்டே ஒரு பேட்டியில் சொன்னார். மாட்டிக்கொள்வதற்காகவே விண்வெளிக்குப் போகிற என்னைப் போன்றவர்களை அவர் சந்தித்ததில்லை போலும்.

இதற்கு நேர் எதிராக ‘எலைட் டேஞ்சரஸ்’ என்று ஒன்று, 2014இல் வந்தது. பால்வீதி முழுவதையும் நிஜ அளவில் செய்கிறோம் என்று கிளம்பிய கேம். அதில் ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தில் ஹட்டன் ஆர்பிட்டல் என்ற நிலையம். நாம் வந்து சேரும் நட்சத்திரத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. கேம் வந்த காலத்தில் அங்கே போய்ச் சேர நிஜமாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் பார்க்க ஒன்றும் கிடையாது. போனால் ஒரு காபிக் குவளை வாங்கலாம். அங்கே போனால் பெரிய கப்பல் இலவசம் என்று பழைய ஆட்கள் புது ஆட்களை ஏமாற்றி அனுப்புவார்கள். நம்பிப் போனவர்கள் திட்டிக்கொண்டே குவளையை வாங்கி வந்து, பிறகு அதையே பெருமையாகச் சொல்லித் திரிவார்கள்.

அதற்காக நிஜ அளவு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராக்கெட் கட்டி ஏவும் கேமான ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’மில் நாம் கிளம்பும் கெர்பின் கிரகத்தின் ஆரம் வெறும் 600 கி.மீ., பூமியில் பத்தில் ஒன்றுகூட இல்லை. சுற்றுப்பாதைக்குப் போக நொடிக்குச் சுமார் 3.4 கி.மீ. வேகம் சேர்த்தால் போதும், பூமியில் 9க்கு மேல் வேண்டும். ஆனால் பொம்மை உலகத்திலும் கணக்கு கணக்குதான். நிலவில் இறங்கிவிட்டுத் திரும்ப எரிபொருள் போதவில்லை என்றால் பச்சை முகத்து விண்வெளி வீரன் அங்கேயே நிற்பான். நீங்கள் அவனை மீட்க இன்னொரு ராக்கெட் கட்ட வேண்டும், பெரும்பாலும் அதுவும் மாட்டிக்கொள்ளும். 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ இன்னும் குட்டி. நடந்தே சுற்றிவிடக்கூடிய கிரகங்கள். ஆனால் 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து. துப்பாக்கி இல்லை, மேம்பாட்டுப் புள்ளிகள் இல்லை, தெரிந்துகொண்டது மட்டுமே உங்களுடன் வரும். ஆட்டோபைலட்டை நம்பித் தூங்கினால் நேராகச் சூரியனுக்குள் கொண்டுபோய் விடும். கையளவு சூரிய மண்டலம்தான், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே அன்றைக்கு மூளை இருந்தது, இன்றைக்கு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்டார் வார்ஸ் ஓடியதைப் பார்த்து 1979இல் ஜேம்ஸ் பாண்டையே விண்வெளிக்கு அனுப்பிய காலம் அது. 2001ஐயும் வந்த புதிதில் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. முதல் காட்சிகள் முடிந்ததும் இயக்குநர் குப்ரிக் அதிலிருந்து சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். நான் சொல்வது எல்லா அறிவியல் புனைவுக்கும் பொருந்தும் என்றும் இல்லை. ரோபோ கதை, காலப்பயணக் கதைக்கெல்லாம் கணக்கு வேறு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அக்கா மகனுக்குக் கெர்பலை வாங்கிக் கொடுங்கள், ஆனால் முதல் பாகம். இரண்டாம் பாகம் 2023இல் அரைகுறையாக வெளிவந்து அப்படியே நின்றுபோயிற்று, பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அடிக்கடி தள்ளுபடியில் வரும், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். முதல் ராக்கெட்டுகள் ஏவுதளத்திலேயே வெடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். இன்டர்ஸ்டெல்லரை அவன் சுற்றுப்பாதையைப் பிடித்த பிறகு காட்டினால் போதும். 2001க்கு இப்போது அவசரமில்லை. அவுட்டர் வைல்ட்ஸ்? அதைப் பற்றி அவனிடம் மூச்சு விடாதீர்கள், யூடியூப் பக்கம் போகவும் விடாதீர்கள்.