வீட்டில் காபித்தூள் இல்லையா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 56 வயது. கோவை பீளமேட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான்.

செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு காபி ஷாப்புக்குப் போவேன். காபி 160 ரூபாய். ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாரோடும் பேச மாட்டேன். லேப்டாப்பில் வேலை பார்க்கும் பிள்ளைகளையும் வருகிறவர் போகிறவரையும் பார்த்துக்கொண்டிருந்தாலே மனசு லேசாகிவிடும்.

போன மாதம் கொழுந்தனார் பார்த்துவிட்டார். "ஏனுங்க அண்ணி, வீட்ல காபித்தூள் இல்லீங்களா? ஊரே பாக்கற மாதிரி இங்க வந்து ஒத்தையா உக்காந்திருக்கீங்க" என்றார். அதோடு போவதை விட்டுவிட்டேன்.

காபித்தூள் இருக்கிறது. இன்னமும் இரண்டு பேருக்குத்தான் டிகாக்‌ஷன் இறக்குகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. பாதியைச் சிங்க்கில் ஊற்றுகிறேன். அவர் இருந்தவரை தினமும் முக்குப் பேக்கரிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். அப்போது மட்டும் வீடு அமைதியாக இருக்கும். இப்போது நாள் முழுக்க அமைதி. ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. நான் செய்தது தப்பா?

வாசகி, கோவை

அன்புச் சகோதரிக்கு,

தப்பே இல்லை. மறுபடி போங்கள்.

பேக்கரி பற்றி எழுதியிருந்தீர்களே, அங்கேதான் என் மனம் நின்றது. நம் ஊரில் பேக்கரி என்றால் கேக் வாங்கும் கடை மட்டுமா? கையில் டீ, தட்டில் தேங்காய் பன், நூல் விலையிலிருந்து தென்னைக்கு வந்த நோய் வரை பேச்சு. ஆண்களுக்கு அது எப்போதும் இருந்தது. கோயிலும் விசேஷ வீடும் போக, நம் வயதுப் பெண்கள் சும்மா போய் உட்கார ஓர் இடம் இருந்ததா? உங்கள் வீட்டுக்காரரிடம் யாரும் டீத்தூள் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989இல் வந்த தன் புத்தகத்தில் இதை 'மூன்றாம் இடம்' என்று சொன்னார். வீடு ஒன்று, வேலையிடம் இரண்டு, யாரும் வந்து உட்காரும் காபிக்கடை போன்ற இடம் மூன்று. உங்களுக்கு முதல் இடம் வெறிச்சென்று ஆகிவிட்டது. மூன்றாவதைத் தேடிப் போனீர்கள். அந்த 160 ரூபாய் காபிக்கு மட்டுமல்ல, அந்த நாற்காலிக்கும் மனித சத்தத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் யாரோடும் பேசுவதில்லை என்கிறீர்கள், அதை மட்டும் கொஞ்சம் மாற்றலாம். கனடாவைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ராம், டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காபிக்கடைக்கு வந்தவர்களில் சிலரிடம், வாங்கிக்கொண்டு வேகமாகக் கிளம்பச் சொன்னார்கள். மற்றவர்களிடம், காபி தருபவரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசியவர்கள்தான் கூடுதல் சந்தோஷத்தோடு வெளியே வந்தார்கள். கடைப் பையனிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேளுங்கள், போதும்.

அப்புறம் தூக்கம். ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி ராத்திரி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும். வீட்டிலும் ராத்திரி காபி வேண்டாம். கடைக்கு மூன்று மணிக்கே போய்விடுங்கள். அப்படியும் இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் சரியாகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். துக்கம் உடம்பையும் பிடிக்கும், தள்ளிப்போட வேண்டாம்.

கொழுந்தனார் மறுபடி கேட்டால், "காபித்தூள் இருக்குதுங்க, பேசத்தான் ஆளில்லைங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சிங்க்கில் ஊற்றும் அந்தப் பாதி டிகாக்‌ஷனுக்கு, நாளைக் காலையில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுங்கள்.